தெய்வசிகாமணி காலால் ஓட்டிய பஸ்

ஓடுவதில் பெரிய கஷ்டம் கால்வலியும் இல்லை, மூச்சு வாங்குவதும் இல்லை, போரடிப்பதுதான் என்று தெய்வசிகாமணி அண்ணன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐம்பதை நெருங்கும் ஆள். சின்னதாக ஒரு தொப்பை. எங்கள் ஊரில் அந்த வயதுக்காரர்கள் சர்க்கரைக்குப் பயந்து பீச்சில் கையை வீசி நடப்பார்கள், நடந்த களைப்புக்கு ஆளுக்கு இரண்டு வடை தின்றுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் இருபத்தோரு கிலோமீட்டர் ஓடப் பழகினார்.

அவர் எங்கள் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். சேதராப்பட்டில் பாட்டில் மூடி செய்கிற ஃபேக்டரி எங்களுடையது, நான் அங்கே பேக்கிங்கில் இருக்கிறேன். தினமும் காலையில் ரெட்டியார்பாளையத்தில் பஸ்ஸை எடுத்து, லாஸ்பேட்டை, கோரிமேடு என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக எங்களைப் பொறுக்கிக்கொண்டு போய் கேட்டுக்குள் இறக்கிவிடுவார். யாராவது தூரத்தில் சாப்பாட்டுப் பையோடு ஓடி வந்தால் போதும், பஸ் நகராது. "எல்லாருக்கும் வீட்ல ஆயிரம் வேல இருக்கும்பா" என்பார். நாங்கள் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேருவோம், சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்குவோம்.

போன சித்திரையில் அந்தச் சம்பவம் நடந்தது. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் அன்று முழுக்க அண்ணனுக்கு விரதம். சாயங்கால டிரிப்பில், அனல் பறக்கும் ரோட்டில், கண்ணை இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மனிதர் பஸ்ஸை இடது பக்கம் ஒதுக்கி, பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். அப்புறம்தான் விழுந்தார். விழுந்த தலை ஸ்டீயரிங் மேல் கிடந்ததில் ஆரன் நிற்காமல் அலற ஆரம்பித்தது. நாங்கள் அவரைத் தூக்கிச் சாய்க்கும் வரை அந்தச் சத்தம் ஓயவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை, இந்த வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தால் யானையும்தான் சாயும் என்றார்கள். மேனேஜர் நெடுமாறன் எங்களைக் கூப்பிட்டு, மறுபடியும் அவரே ஓட்டலாமா என்று கேட்டார். குஞ்சம்மாள் மட்டும் வாயைத் திறந்தாள். அவள் டிரைவருக்கு நேர் பின்னால் உட்காருகிறவள். புருஷன் இல்லை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

"அண்ணன் நல்லவருதான் சார். ஆனா எம் புள்ளைங்களுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன். அவரு ஓட்டுனா நான் ஏற மாட்டேன்."

பஸ் சரத்குமார் என்ற பையன் கைக்குப் போனது. சிகாமணி அண்ணனை கேட்டில் உட்கார வைத்தார்கள். தினமும் காலையில் அவருடைய பஸ்ஸுக்கே எழுந்து நின்று கேட்டைத் திறந்துவிட்டார். நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே போனோம்.

கார்த்திகையில், தொழிற்பேட்டை முதலாளிகள் எல்லாம் சேர்ந்து தை மாதம் ஓட்டப் பந்தயம் நடத்தப் போவதாக அறிவித்தார்கள். பீச்சில் கிளம்பி, ரெட்டியார்பாளையம் போய்த் திரும்பி, லாஸ்பேட்டை, கோரிமேடு வழியாகச் சேதராப்பட்டில் முடிகிறது. மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். பின்தங்குகிறவர்களை அள்ளிப்போட ஒரு வேன் பின்னாலேயே வரும். கம்பெனி சார்பில் யார் ஓடுகிறீர்கள் என்று நெடுமாறன் கேட்டபோது, கேட்டிலிருந்து சிகாமணி அண்ணன் வந்து நின்றார்.

"நான் ஓடுறேன் சார். முழுசா ஓடிட்டா எனக்கு வண்டியக் குடுத்துருவீங்களா?"

"டைமுக்குள்ள ஓடி முடிங்க. அப்புறம் யார் மறுத்துப் பேசுறாங்கன்னு பாக்கலாம்" என்றார் மேனேஜர். ஆள் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விடிவதற்கு முன் பீச் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக அவர் ஓடினார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர், கைத்தடியோடு நடப்பவர், இவரைப் பார்க்கும்போதெல்லாம் "போன் கூராழ், முசே!" என்று உற்சாகப்படுத்துவாராம். ஆனால் உற்சாகம் எத்தனை நேரத்துக்குத் தாங்கும்? ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெள்ளைச் சுவர். மகள் சுவேதா போனில் பாட்டு ஏற்றிக் கொடுத்தாள். காதில் மாட்டிக்கொண்டு ஓடினார். "பாட்டு ஒரு வேகத்துல போவுது, கால் ஒரு வேகத்துல போவுது, நடுவுல நான் மாட்டிக்கிட்டேன்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். விளக்குக் கம்பங்களை எண்ணிப் பார்த்தார். கம்பங்கள் தீரவே இல்லை.

அப்புறம் ஒரு நாள், அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது, ஓடிக்கொண்டிருக்கும்போது இடது கை தானாகக் கீழே போய் கியர் மாற்றியதாம். அவ்வளவுதான். பின்னால் ஒரு பஸ் முளைத்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் ஓடவில்லை, ஓட்டினார். பீச் ரோடு ரெட்டியார்பாளையம் ஆனது. ஸ்டாப் ஸ்டாப்பாக எங்களை ஏற்றினார். நிலவன் ஏறும்போதே அரசியலோடு ஏறுவான். ஒரே வாதத்தை லாஸ்பேட்டை வரைக்கும் ஓட்டுவான். யாரோ பின் சீட்டில் மல்லாட்டைக் கடலையை ஓடு உரிக்கும் சத்தம் கேட்கும். என்னையும் ஏற்றினீர்களா என்று ஆசையாகக் கேட்டேன். "ஏத்தாம? மூணாவது சீட்டு. ஒன்ன எறக்கிவிட்டாதான் பஸ்ல அமைதி" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சில விடியல்களில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கும். அப்போது ரோடு முடிகிற இடத்தில் திரும்ப மனம் வராது. உடம்பு தன் பாட்டுக்குத் திரும்பும், பஸ் நேராகப் போகும். கரையோரக் கருங்கல்லைத் தாண்டி இறங்கி, டயர் நனையாமல் தண்ணீர் மேல் உருளும். மீன்பிடிக்கப் போன போட்டுகள் வழிவிட்டு ஒதுங்கும். நாங்கள் எல்லோரும் ஜன்னலில் முகத்தை வைத்து, ஒரு வார்த்தை பேசாமல், கீழே மீன் கூட்டம் போவதைப் பார்ப்போமாம். "நிலவன்கூடவா?" என்று கேட்டேன். "அவன்தான் மொதல்ல வாய மூடினான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எங்கோ இருந்தது. கேட் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அந்த மனிதர் கடல் மேல் போய்க்கொண்டிருந்தார்.

எல்லாம் அவர் இஷ்டப்படி நடந்த அந்த பஸ்ஸில் ஒன்று மட்டும் நடக்கவில்லை. சேதராப்பட்டுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் அரிசி மில் ஸ்டாப், அது குஞ்சம்மாள் ஏறும் இடம். அங்கே அவர் பஸ்ஸை நிறுத்துவார். கதவு திறந்திருக்கும். அவள் மில் சுவர் ஓரமாக நிற்பாள். ஏற மாட்டாள்.

"என்னாண்ணே, நீ நெனைக்கிறதுதான? ஏத்திவுட வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"ஏற மாட்டேங்குதுப்பா. நானும் எவ்ளோ நாள் பாத்துட்டேன்" என்றார், நிஜமாகவே வருத்தத்தோடு.

அதனால் மனசில் அந்த இடம் வரும்போது பீச் ரோட்டில் ஓட்டத்தையே நிறுத்திவிடுவார். ரோட்டில் இடது ஓரமாக ஒதுங்கி, நின்று, ஒரு வாய்ப்புக் கொடுப்பார். அப்புறம் பெருமூச்சு விட்டுக் கிளம்புவார். நடக்க வந்தவர்கள் மூச்சு வாங்க நிற்கிறார் என்று நினைத்திருப்பார்கள். மார்கழி முழுக்க இப்படித்தான் பழகினார். எந்த ஓட்டக்காரனும் பழகக் கூடாத பழக்கம் இது என்று அவருக்கும் தெரியவில்லை, கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் உறைக்கவில்லை.

பந்தயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்களுக்கு அன்று ஓவர்டைம். நல்ல பனி. கோரிமேடு தாண்டியதும் ஓடுகிறவர்கள் சாலையோரம் ஒருவர் பின் ஒருவராகத் தெரிந்தார்கள். கடைசியில் வருகிறவர்களில் எங்கள் கம்பெனி பனியனைக் கண்டுபிடித்தோம். சிகாமணி அண்ணன் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, லேசாகச் சிரித்தபடி ஓடிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினேன். அவர் திரும்பவில்லை. அவர் பஸ்ஸுக்குள்ளும் நான் கத்திக்கொண்டிருந்திருப்பேன் போல.

அரிசி மில் ஸ்டாப்பில் குஞ்சம்மாளைக் காணோம். சின்ன மகளுக்கு ஜுரம், கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு வர நேரமாகிவிட்டது என்று பிறகு தெரிந்தது. சரத்குமார் நேரம் தவறாத பையன். கடிகாரத்தைப் பார்த்தான், எடுத்துவிட்டான்.

அவள் மூச்சிரைக்க ஓடி வந்தபோது பஸ் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. ஸ்டாப்பில் ஒரு ஆள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நெஞ்சில் நம்பர் அட்டை, உடம்பெல்லாம் வேர்வை, பார்வை மில் சுவர் மேல். மற்றவர்கள் அவரைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் போல விழப் போகிறார் என்று நினைத்து குஞ்சம்மாள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"அண்ணே! இன்னாண்ணே பண்ணுது? ஏன் நிக்கிற?"

அவர் அவளைப் பார்த்தார். "வந்துட்டியா? ஏறு, போவலாம்" என்றார்.

அந்த நேரம் பார்த்து பின்னால் வேன் வந்து நின்றது. டீ-சர்ட் போட்ட ஒரு பெண் இறங்கி, "சார், நீங்க ரொம்ப லேட்டு. முடியலன்னா வேன்ல ஏறிக்குங்க" என்றாள். அப்போதுதான் அவருக்கு முழுசாக விழிப்பு வந்தது. ரொம்ப நேரம் நின்றதில் கால் இரண்டும் மரக்கட்டையாக இறுகிவிட்டிருந்தன. சுற்றும் முற்றும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதப் பாடும் ஒரு ஸ்டாப்பில் போச்சே என்று அவருக்கு அழுகை வந்ததாக அவரே சொன்னார்.

"நான் நடந்தாச்சும் வந்துர்றேம்மா" என்றார்.

அந்தப் பெண் குஞ்சம்மாளைப் பார்த்தாள். குஞ்சம்மாள் சிகாமணியைப் பார்த்தாள். கையைப் பிடித்திருந்தாள் அல்லவா, அவர் கை சூடாக, திடமாக இருந்தது.

"அவருக்கு ஒண்ணும் இல்ல. நான் கூடப் போறேன். நீங்க பின்னால வாங்க" என்றாள்.

இரண்டு பேரும் கிளம்பினார்கள். அவர் கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகி ஓட்டமும் நடையுமாகப் போனார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பையோடு பக்கத்திலேயே வேகமாக நடந்தாள். பனியில் இரண்டு பக்க வயலும் தெரியவில்லை. ரோடு மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்து, அப்புறம் வெள்ளையில் மறைந்துபோனது.

"யாருக்குண்ணே அங்க நின்ன?"

"உனக்குதான்."

"நான் லேட்டா வருவேன்னு உனக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. தெனம் நிப்பேன். நீ ஏற மாட்ட. கொஞ்ச நேரம் பாத்துட்டுக் கெளம்பிருவேன். இன்னிக்கு சொவரு ஓரமா உன்னக் காணோம், அதான் வரட்டும்னு நின்னுட்டேன்."

அவருக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். அப்புறம் மூச்சு விட்டு மூச்சு விட்டு அவர் எல்லாவற்றையும் சொன்னார், பீச் ரோட்டில் கிளம்பும் பஸ்ஸை, நிலவனை, கடலை, மில் சுவர் ஓரமாக ஏறாமல் நிற்கும் அவளை.

"எனக்கு ஒம்மேல கோவம்லாம் கெடையாதுண்ணே" என்றாள் கடைசியில். "பயம். அந்த ஆரன் சத்தம் இன்னும் காதுல கேக்குது."

"எனக்கும்தாம்மா கேக்குது" என்றார் அவர்.

நாங்கள் டீ குடிக்க வெளியே வந்தபோது பந்தயம் முடிகிற இடத்தில் வைத்திருந்த வளைவைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்கள். ஓடி வந்தவர்களுக்கு வைத்திருந்த இட்லிப் பாத்திரம் காலி. பனிக்குள்ளிருந்து இரண்டு உருவங்கள் வந்தன, பின்னால் அந்த வேன் ஊர்ந்து வந்தது. கழற்றிய வளைவுக்கு நடுவில், அது இருந்த இடம் என்று ஒரு குத்துமதிப்பாக, சிகாமணி அண்ணன் ஓடிக் கடந்தார். யாரும் பதக்கம் போடவில்லை. நேரம் எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. நிலவன் மட்டும் விசில் அடித்தான்.

மறுநாள் குஞ்சம்மாள் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள். நெடுமாறன், "டைமுக்குள்ள முடிக்கலியேம்மா" என்று இழுத்திருக்கிறார்.

"நான் கூடத்தான வந்தேன் சார், எனக்குத் தெரியாதா? அண்ணனே ஓட்டட்டும். நான் ஏறுறேன்."

வேண்டாம் என்று சொன்னவளே வேண்டும் என்று சொன்ன பிறகு மேனேஜரும் ஒத்துக்கொண்டார். சரத்குமாரை லாரிக்கு மாற்றினார்கள். அவனுக்கும் அதுதான் ஆசை.

முதல் நாள் காலையில் அரிசி மில் ஸ்டாப்பில் குஞ்சம்மாள் ஏறினாள். பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஃபேக்டரி வரும் வரை அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். கண்ணாடியில் அவர் அதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பஸ் முன்பைவிட மெதுவாகப் போனது. நாங்கள் இன்னும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம். எல்லோருக்கும் நல்ல களைப்பு. பஸ் அரிசி மில் ஸ்டாப்பில் நின்றது, யாரும் இறங்கவில்லை. எட்டிப் பார்த்தேன். குஞ்சம்மாள் ஜன்னலில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, கம்பியை விட்ட கைகள் மடியில் கிடக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாம் என்று நான் எழுந்தேன்.

சிகாமணி அண்ணன் திரும்பாமலே கையைக் காட்டி என்னைத் தடுத்தார்.

"கொஞ்ச நேரம் தூங்கட்டும், விடுப்பா."