அண்ணன் இரண்டு முறை பெயிண்ட் அடித்த வண்டி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பிரிக்கும் உங்களில் பலருக்கு, அண்ணன் என்றதும் அந்தப் பச்சை மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். அதைப் பற்றித் திருச்சபையிலும் தெருவிலும் பலவிதமாகப் பேச்சு உண்டு. நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது ஒரே தங்கையான என் கடமை என்று நினைக்கிறேன்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது சேலையூரில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அண்ணன் ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் அப்பா தவறிவிட்டார். பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ. படித்து, பம்மலில் ஒரு லேத் பட்டறையில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தார். என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர்தான். பல வருடங்கள் சேலையூரிலிருந்து பம்மலுக்குச் சைக்கிளில்தான் போய் வந்தார். எண்பதுகளின் கடைசியில், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒருவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார்.

யாரோ பிரஷ்ஷால் தடிதடியாகக் கறுப்பு அப்பியிருந்த வண்டி அது. அண்ணனுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. டேங்கையும் மட்கார்டுகளையும் கழற்றி, வாளித் தண்ணீரில் வாட்டர் பேப்பரை ஊற வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கறுப்பு உரிந்ததும் உள்ளே அடர்ந்த பச்சை தெரிந்தது. கண்ணாடி மாதிரி வழவழப்பு. டேங்கின் வலப்பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை இல்லை, நெளிந்த பள்ளத்தில் பட்டி பூசி நிரவியிருந்தது. அண்ணன் அதை விரலால் தட்டிப் பார்த்தார்.

“நல்லா அடிபட்ட வண்டிம்மா இது. ஆனா இந்தப் பச்சைய அடிச்சவன் கெட்டிக்காரன்,” என்று என்னிடம் சொன்னார்.

அப்படிச் சொல்லிக்கொண்டேதான் அந்தப் பச்சையையும் முழுக்கத் தேய்த்து எடுத்தார். பட்டறையிலிருந்து ஸ்ப்ரே கன்னும் சின்னக் கம்ப்ரஸரும் இரவல் வந்தன. கொல்லைப்புறக் கொட்டகையைச் சுற்றிப் பழைய போர்வைகளைக் கட்டி, தூசி எழும்பாமல் தரையில் தண்ணீர் தெளித்து, மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு பிரைமரும் அதன் மேல் மெரூன் கலரும் அடித்தார். அம்மா வழக்கம்போல் விளக்குமாற்றோடு வந்துவிட்டார்.

“அம்மா, பெருக்காதீங்க! தூசி பறந்து பெயிண்ட்ல ஒட்டிக்கும்!” என்று அண்ணன் கத்தியது அடுத்த வீடு வரை கேட்டது.

அதன் பிறகு அந்த வண்டியை அவர் காத்த அழகை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். பெட்ரோல் போடும்போது மூடியைச் சுற்றித் துணி சுற்றுவார். ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே துடைப்பார். வேப்ப மரத்தடியில் நிறுத்த மாட்டார். பிளாஸ்டிக் உறை போட்டால் உள்ளே வேர்த்துப் பெயிண்ட் கெடும் என்று அம்மாவின் பழைய நூல் புடவையால்தான் மூடுவார். யாராவது பெல்ட் பக்கிளோடு டேங்க் மேல் சாய்ந்தால் முகம் சுருங்கிவிடும்.

மெரூன் அடித்து ஒரு மாதம் இருக்கும். அண்ணன் பம்மலில் வழக்கமாகப் போகும் சாலையை வெட்டிப் போட்டிருந்ததால், பின்னால் இருக்கும் தெரு வழியாகப் போனார். ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண்மணி கையில் ஒட்டிய சோற்றுப் பருக்கையோடு ஓடி வந்தார்.

“சேகரு! டேய் சேகரு!”

அண்ணன் வண்டியை நிறுத்தினார். அந்த அம்மா அண்ணனின் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். கை அப்படியே தொங்கிவிட்டது.

“சத்தம் அதே சத்தமா கீதே… எம் புள்ள வண்டிப்பா இது. பல்லாவரத்தாண்ட லாரில அடிபட்டு செத்துப்பூட்டான். ரெண்டு வருசமாச்சு. இத்த பச்ச கலரு அடிச்சிருந்தானே, இன்னா ஆச்சி அது?”

அண்ணன் தயங்கித் தயங்கி, “நான்தாம்மா தேய்ச்சு எடுத்துட்டேன்,” என்றார்.

“இதே வாசல்லதான் அடிச்சான். என்னைக் கூட்டவே வுடல. ‘பெருக்காதம்மா, தூசி பறக்குது’ன்னு ஒரே சத்தம்.”

அன்று அண்ணன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. நெடுநேரம் கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அந்தப் பையன் என்ன சொன்னானோ அதையேதான் நானும் சொல்லியிருக்கேன். அவன் கையால அடிச்சதைத் தேய்ச்சு வாய்க்கால்ல விட்டுட்டேன்,” என்று என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் பழைய அண்ணனாக இல்லை. பட்டப்பகலில் பல்லாவரம் தாண்டும்போது, பின் சீட்டில் யாரோ ஏறியது போல வண்டி அழுந்துகிறது என்றார். இரண்டு முறை இறங்கி டயரைப் பார்த்தாராம். காற்று சரியாகவே இருந்ததாம். அம்மா பயந்துபோய்ப் பாஸ்டரை அழைத்து வந்தார். அவர் வண்டியின் மேல் கை வைத்து ஜெபித்தார். அடுத்த வாரமே டேங்கின் வலப்பக்கத்தில், அதே உள்ளங்கை அகலத்தில், மெரூன் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது.

“நாம பூசினது அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கலடா. வித்துடு. உன் கால்ல விழறேன்,” என்றார் அம்மா.

அண்ணன் கொப்புளத்தைச் சுரண்டினார். பட்டியையும் பெயர்த்தார். அதன் அடியில், அடிபட்ட தகட்டில் ஊசி முனையளவு துரு ஓட்டை இருந்தது. அது வழியாகக் கசிந்த பெட்ரோல்தான் பெயிண்டைத் தூக்கியிருந்தது. “ஆவி இல்லம்மா, பெட்ரோல்,” என்று அம்மாவிடம் காட்டி, பட்டறையில் ஈயம் வைத்து அடைத்து வந்தார். ஆனாலும் அதைச் சொன்ன குரலில் தெம்பு இல்லை. இதற்குள் தெருவில் ‘ஆவி வண்டி’ என்ற பெயர் பரவி, அண்ணனுக்கு வந்திருந்த ஒரு வரனும் அதனால் நின்றுபோனது.

ஒரு சனிக்கிழமை அண்ணன் வெறும் டேங்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் பம்மலுக்குப் போனார். அந்த அம்மாவைக் கண்டு, “உங்க பையன் அடிச்ச பச்சை எப்படி இருக்கும்னு சொல்லுங்கம்மா. அதையே அடிச்சுடறேன்,” என்றார். அந்த அம்மா ஜன்னலைக் காட்டினார். மீந்த பெயிண்டை அந்தப் பையன் ஜன்னல் கம்பிகளுக்கு அடித்திருந்தான்.

மூன்று சனிக்கிழமைகள் அண்ணன் அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து, பச்சையில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு கலந்து, தகர மூடியில் தடவிக் கம்பியோடு ஒட்டிப் பிடித்தார். “இன்னும் கொஞ்சம் கறுப்பா இருக்கும்” என்று அந்த அம்மா உள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் வாரம் எழுந்து வந்து பார்த்து, “ஆங். இதான்,” என்றார். மழைக்காலம் முடிந்ததும் அண்ணன் மூன்று நாள் எடுத்துக்கொண்டு வண்டி முழுக்கப் பச்சை அடித்தார். அந்த மூன்று நாளும் எங்கள் அம்மா விளக்குமாற்றோடு கொல்லைப்பக்கம் வரவே இல்லை.

அதன் பிறகு அண்ணன் தினமும் அந்தத் தெரு வழியாகவே வேலைக்குப் போனார். சத்தம் கேட்டதும் அந்த அம்மா வாசலுக்கு வந்து “சேகரு, பாத்துப் போ” என்பார். அண்ணனும் திரும்பித் தலையசைப்பார். இப்படிச் சில மாதங்கள் போனபின், அந்த அம்மாவின் மகள் ஒரு நாள் தெருமுனையில் அண்ணனை நிறுத்தினாள்.

“அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க போற வரைக்கும் அம்மா சாப்புடாது. நீங்க வராத ஞாயித்துக்கிழமை பொழுதன்னைக்கும் வாசல்லயே நின்னுகினு கீது. எனக்குப் பயமா இருக்கு.”

அண்ணன் என்னிடம் வந்து கேட்டார்: “நான் அவங்களுக்கு நல்லது செய்யறேனா, கெடுதல் செய்யறேனா?”

மறுநாள் வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு நடந்து போய், அந்த அம்மாவின் எதிரில் நின்று, “அம்மா, நான் சேகர் இல்லம்மா,” என்றார்.

அந்த அம்மா அவரை உட்காரச் சொன்னார். “எனக்கு இன்னா புத்தி கெட்டுப்பூச்சா கண்ணு? தெரியாமயா கூப்டேன்? பேரு வாயில கீது. கூப்ட்டா திரும்பிப் பாக்க ஆளில்ல. நீ திரும்பிப் பாத்த. அதான்.” பிறகு உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்பது குறைந்தது என்று மகள் சொன்னாள். அண்ணன் சனிக்கிழமைதோறும் அங்கே டீ குடித்துவிட்டு வருவார். அந்த அம்மாவும் மெல்ல அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழகினார். ஆறு ஆண்டுகள் இப்படிப் போயின. அந்தப் பச்சையில் ஒரு கீறல் விழவில்லை.

அண்ணனுக்கு மஞ்சள் காமாலை கண்டது சென்ற ஆண்டு. கீழாநெல்லி கொடுத்தோம், குறையவில்லை. ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்தார். “அந்தப் பெயிண்ட் வாசனையாலயா டாக்டர்? அந்த வண்டியாலயா?” என்றுதான் அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார். “இல்லம்மா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல,” என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அம்மா நம்பினாரா என்று தெரியாது. கடைசி நாளன்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அம்மாவைத் தனியா விடாத,” என்றார். அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயது.

அடக்கத்துக்குத் தோள் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், இருபது நாளும் ஆஸ்பத்திரியில் முறை வைத்து உடனிருந்த சபை வாலிபர்களுக்கும், எங்களுக்காகச் சமைத்து அனுப்பிய தெருவாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எல்லாருக்கும் மேலாக ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அடக்கம் முடிந்தபின் அம்மா தானாகச் சாப்பிட உட்காரவில்லை. சாயங்காலம் ஆனால் வண்டிச் சத்தம் கேட்கிறது என்று வாசலுக்கு ஓடுவார். நாங்கள் பிடித்து உட்கார வைத்தோம். கதவைத் தாழ் போட்டோம். ஜெபித்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. பத்தாம் நாள் பம்மல் அம்மா இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்று சாயங்காலமும் அம்மா எழுந்தார். நான் தடுக்கப் போனபோது பம்மல் அம்மா என் கையை விலக்கிவிட்டு, தாழ்ப்பாளைத் தானே எடுத்தார்.

“கேக்கும்க்கா. எனக்கும் கேட்டுது. கேக்கட்டும். கதவத் தொறந்து நல்லாப் பாரு. பாத்துட்டு வந்து ஒரு வாய் சாப்புடு.”

அம்மா வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, பத்து நாளில் முதல் முறையாகத் தானே தட்டை எடுத்து வைத்தார்.