யன்னலைச் சாத்திய அன்று

பக்கவாதத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு நானே டயப்பர் மாற்றுகிறேன். எவ்வளவு கழுவினாலும் அறையில் நாற்றம் போவதில்லை. ஒருநாள் வவுனியாவிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவதாக அறிவித்தார்கள். வெட்கத்தில் யன்னல்களைச் சாத்தி, தணலில் சாம்பிராணியை அள்ளிப் போட்டு, கதவையும் மூடிவிட்டு அவர்களை வரவேற்க வாசல் படலைக்குப் போனேன். அவளுக்குத் தொய்வு நோய் இருப்பதும், புகை பட்டால் மூச்சு முட்டுவதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

திரும்பி வந்தபோது, புகைக்குள் மூச்சுவிட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். முற்றத்துக்குத் தூக்கிவந்தேன். மூச்சுத் திரும்ப வெகுநேரம் ஆனது.

“நான் நாறினா நாறட்டும். மூச்சையெண்டாலும் விட விடுங்கோப்பா,” என்றாள், வந்தவர்கள் முன்னிலையிலேயே.

இப்போது டயப்பரை உடனே கடதாசியில் சுற்றி, மூடியுள்ள வாளியில் போட்டு வெளியே வைக்கிறேன். நாற்றம் குறைந்திருக்கிறது. ஆனால் நனைந்தாலும் அவள் என்னைக் கூப்பிடுவதில்லை. மணிக்கொரு தடவை நானே போய்ப் பார்க்கிறேன்.