தங்கராஜா கையால் சொன்ன சொல்

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயங்களைத் தாண்டி, மலையைப் பார்த்த மாதிரி ஒரு பிள்ளைக் காம்பரா இருந்தது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் மலைக்கு ஏறுவார்கள். அறுபத்தெட்டாம் வருஷ வாக்கில் அங்கே ஆயாவாக இருந்தவள் பெரியாயி.

அதற்கு முன் அவளும் கொழுந்துக்காரிதான். நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டு வந்து பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் என்று வீட்டுக்காரர்கூடக் கைவிட்ட நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள். உயிர் திரும்பியது, குரல் திரும்பவில்லை. சருகை மிதித்தால் வருமே ஒரு சத்தம், அந்தக் கரகரப்பு மட்டும் தொண்டையில் மிஞ்சியது.

"மாரியாத்தா உசுர விட்டுட்டு கொரல காணிக்கையா எடுத்துக்கிட்டா. நல்ல யாவாரந்தான்," என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

காம்பராவில் குரல் இல்லாமல் பிழைப்பது லேசில்லை. கூரை மரத்தில் வரிசையாகப் பிள்ளைகளைக் கிடத்திய சாக்கு ஏணைகள் தொங்கும். ஒரு பிள்ளை அழுதால் அடுத்தது அழும், பிறகு எல்லாம் சேர்ந்து அழும். அந்தக் கூச்சலில் பெரியாயியின் கரகரப்பு யார் காதில் ஏறும்? அதனால் அவள் கைகளால் பேச ஆரம்பித்தாள். பால் கொடுக்குமுன் முஷ்டியை மூடி மூடித் திறந்து காட்டுவாள். தண்ணீருக்குக் கட்டைவிரல் வாய்க்குப் போகும். தூங்கப் போடுமுன் கன்னத்தில் உள்ளங்கை. தீர்ந்துபோனால் இரண்டு கையையும் விரித்து, "இல்ல".

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. பல் முளைக்காத ஒரு பெண்குழந்தை ஒருநாள் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்து முஷ்டியை மூடித் திறந்தது. பெரியாயிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. ஒரு வார்த்தை பேசத் தெரியாத ஜீவன் பால் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டது போல இருந்தது அவளுக்கு. அன்று முதல் வேண்டுமென்றே சொல்லிக்கொடுத்தாள். வலித்தால் வலிக்கிற இடத்தைத் தொட்டு ஊதிக்காட்டவேண்டும், ஒண்ணுக்கு வந்தால் தொடையைத் தட்டவேண்டும். காம்பராவில் அழுகை குறைந்துபோனது. அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. ஆனால் அத்தனை பிள்ளைகளும் அவளிடம் பேசின.

தாய்மாருக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. பிறகு பரிமளத்தின் மகன் விஷயம் வந்தது.

பரிமளம் இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள். மூன்றாவதாகத் தங்கியவன் தங்கராஜா. அவன் வயதுப் பிள்ளைகள் அம்மா, அப்பா, ஆயா என்று மழலை பேசிக்கொண்டிருந்தபோது, அவன் வாயைத் திறந்தால் சிரிப்பு மட்டும் வந்தது. காது நன்றாகக் கேட்டது. "நாய் வருது" என்றால் வாசலைப் பார்ப்பான். பேச்சுத்தான் இல்லை.

பரிமளத்துக்கு ஒரே ஆசை, அவன் வாயால் ஒரு "அம்மா". பால் கொடுக்க வருகிற நேரமெல்லாம் அவன் முன்னால் குந்திக்கொண்டு, "அம்மா சொல்லு ராசா, ம்... மா..." என்று கெஞ்சுவாள். அவன் அவள் முகத்தைப் பார்ப்பான். வலது கையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் ஒரு வீசு வீசுவான்.

"பாத்தியா, வந்த வழியே போங்கிறான்!" என்று அடுத்த ஏணைக்குப் பக்கத்தில் தன் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த வள்ளியம்மை சிரிப்பாள். "அப்பன் ஒன்ன வெரட்டுறத நல்லாப் பாத்து வச்சிருக்கான்டி."

முதலில் பரிமளமும் சிரித்தாள். தினமும் அதே வீசல் என்றானபோது சிரிப்பு நின்றது. ஒருநாள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியாயியிடம் திரும்பினாள்.

"ஏன்க்கா, ஒனக்குத்தான் கொரலு இல்ல. எம் புள்ளைக்குமா இல்லாமப் போவணும்?"

"என்ன புள்ள இப்பிடிச் சொல்ற?"

"கையால கேட்டதெல்லாம் கெடைக்குது. அப்பறம் அவன் எதுக்கு வாயத் தொறக்கப் போறான்? அதுலயும் நீ சொல்லிக்குடுத்தது என்னா? பெத்தவளப் பாத்து போடின்னு சொல்ல!"

"மாரியாத்தா மேல சத்தியமா அத நான் சொல்லிக்குடுக்கல."

"நீ சொல்லிக்குடுக்காம வானத்துலேருந்தா வந்துச்சு?"

வள்ளியம்மை நடுவே புகுந்தாள். "அடியே, சாமி கும்பிடுன்னு நாம கையச் சேத்து வைக்கலியா? அதும் கையிதானே. அதுனால எந்தப் புள்ள ஊமையாப் போச்சு?"

"ஒம் புள்ள பேசுது. நீ பேசுவ," என்றாள் பரிமளம்.

விஷயம் கணக்கப்பிள்ளை காதுக்குப் போயிற்று. அந்தப் பிரிவில் யாருக்கு என்ன வேலை என்று பிரிக்கிறவர் அவர். கெட்ட மனிதரில்லை, சச்சரவு பிடிக்காது அவ்வளவுதான். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்தா பெரியாயி, கைய வச்சுக்கிட்டு சும்மா இரு. அம்மன் திருவிழா வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள பய ஒரு வார்த்த பேசலன்னா காம்பராவுக்கு வேற ஆளு."

"சரிங்க ஐயா," என்றாள் பெரியாயி. அது அவர் காதில் விழுந்ததோ என்னவோ.

அன்றிலிருந்து கைகளைச் சேலை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு நடந்தாள். பிள்ளைகள் முஷ்டியை மூடித் திறந்து பால் கேட்டன. கொடுத்தாள், பதிலுக்குக் கை காட்டவில்லை. பிள்ளைகள் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தன, கை எங்கே போயிற்று என்று தேடுகிற மாதிரி. பழைய அழுகை திரும்ப வந்தது. ராத்திரி விளக்கு வைக்கும்போது, "தாயே, நான் நெசமாவே ஒரு புள்ளையோட வாயக் கட்டிட்டனா?" என்று அம்மன் படத்தைக் கேட்டாள். பரிமளம் சொன்னது பொய் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

திருவிழாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, காம்பராவுக்கு எதிர் மலையில் கொழுந்து எடுத்தார்கள். காலைப் பனி விலகியதும் பெண்கள் நிரை நிரையாகத் தெரிந்தார்கள். தங்கராஜா வாசல் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பெரியாயி அவனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் கை மறுபடியும் தோளுக்குப் பின்னால் போயிற்று. பெரியாயி பெருமூச்சு விட்டாள். அவன் திரும்பவும் செய்தான். இந்த முறைதான் அந்த வீசலின் தொடக்கத்தை அவள் பார்த்தாள். வீசுவதற்கு முன்னால் அவனுடைய இரண்டு விரலும் காற்றில் எதையோ கிள்ளின. கிள்ளி, தோளுக்குப் பின்னால் போட்டன.

பெரியாயி தலையை நிமிர்த்தி மலையைப் பார்த்தாள். அங்கே பரிமளம் கொழுந்தைக் கிள்ளி, தோளுக்குப் பின்னால், முதுகில் தொங்கிய கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

நிரை நகர்ந்தது. பரிமளம் ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்துபோனாள். மற்றப் பெண்கள் அங்கேயேதான் நின்று பறித்தார்கள். தங்கராஜா அவர்களைக் கவனிக்கவில்லை. பெரியாயி பக்கம் திரும்பி, கிள்ளிப் போட்டான். பிறகு இரண்டு கையையும் விரித்தான்.

அம்மா இல்ல.

கஞ்சிக் கிண்ணம் சரிந்து சேலையெல்லாம் கொட்டியது. அவளுக்கு அது தெரியவில்லை.

பால் நேரத்துக்குப் பரிமளம் கூடையோடு வந்தபோது, பெரியாயி வாசலுக்கு வெளியிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ள வராத. செவுத்துக்கு இந்தப் பக்கம் நில்லு. பலக இடுக்கால பாரு."

"என்னக்கா வெளையாடுறியா? மாரு கட்டி வலிக்குது."

"ஒரு நிமிசம் புள்ள. ஒன்னக் கும்பிட்டுக் கேக்குறேன்."

பெரியாயியின் முகத்தைப் பார்த்துப் பரிமளம் அங்கேயே நின்றாள், பெரியாயி உள்ளே போனாள். உள்ளே தங்கராஜா மற்றத் தாய்மார் வருவதைப் பார்த்தான். ஒவ்வொரு முகமாகத் தேடினான். கடைசிப் பெண்ணும் உள்ளே வந்த பிறகு, பெரியாயியைப் பார்த்துக் கிள்ளிப் போட்டு, கைகளை விரித்தான். உதடு பிதுங்கியது. இன்னொரு தரம் கிள்ளிப் போட்டான்.

"கை விரிச்சா இல்லன்னு அர்த்தம்," என்று பெரியாயி இடுக்கு வழியாகக் கரகரத்தாள். "அது நான் சொல்லிக்குடுத்தது. முன்னுக்குச் செய்யிறானே, அது நான் சொல்லிக்குடுத்ததில்ல. அது ஒன்னோட பேரு. அவனே வச்சிருக்கான்."

பிறகு பரிமளம் வாசலில் வந்து நின்றாள். தங்கராஜா அவளைப் பார்த்ததும் உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்துக்கொண்டு கிள்ளிக் கிள்ளிப் போட்டான்.

"இத்தன நாளா என்னியவாடா கூப்புட்ட?" கூடையோடு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "நான்தான்டா போங்கிறன்னு நெனச்சு..." அவனை வாரி எடுத்து, அந்தச் சின்ன விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "ஏன்டா, அம்மாவுக்குப் பேரு வைக்க ஒனக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா? கொழுந்துதான் கெடைச்சுதா?"

வள்ளியம்மை உட்பட யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அவரவர் பிள்ளையைப் பார்த்தார்கள்.

திருவிழாவன்று கோயிலில் கூட்டம். தவில் அதிர, சூடத்தட்டு மேலே போனது. பெரியாயி பெண்கள் வரிசையின் ஓரத்தில், கைகள் முந்தானைக்குள் இருந்தபடியே நின்றாள். கணக்கப்பிள்ளை சொன்ன கெடு அன்றோடு முடிகிறது. தங்கராஜா இன்னும் வாய் திறந்திருக்கவில்லை.

பூசாரி திருநீற்றுத் தட்டோடு பரிமளத்திடம் வந்தார். "என்னடா ராசா, அம்மாவப் பாரு! அம்மாவக் கூப்புடு!" என்று அம்மனைக் காட்டினார்.

தங்கராஜா பூமாலைக்குள் இருந்த அம்மன் முகத்தைப் பார்த்தான். தன்னை இடுப்பில் வைத்திருக்கிறவளைத் திரும்பிப் பார்த்தான். மறுபடியும் அம்மனைப் பார்த்தான். காற்றில் கிள்ளி, தோளுக்குப் பின்னால் போட்டான்.

பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை முகத்தைச் சுளித்தார். "என்னா இது, சாமி முன்னுக்கு வந்து கொழுந்து பறிக்கிறான்?"

"கொழுந்து பறிக்கலங்க ஐயா," என்றாள் பரிமளம். "அம்மான்னு கூப்புடுறான்."

"வாயால கூப்புட்டானா?"

"வாயால கூப்புடுறப்ப கூப்புடட்டும். எனக்குக் கேட்டிருச்சு. ஆத்தாளுக்கும் கேட்டிருக்கும்." கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "பெரியாயியக்கா, அந்த ஓரத்துல என்னா பண்ற? வா இங்க. இவனுக்குத் திருநீறு பூசி விடு."

கணக்கப்பிள்ளை அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அம்மனைப் பார்த்துக் கைகூப்பினார்.

பெரியாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திருநீறு எடுக்க அவளுடைய கைகள் முந்தானையை விட்டு வெளியே வந்தன. தங்கராஜா அவற்றை எட்டிப் பிடித்தான். பிறகு முஷ்டியை மூடி மூடித் திறந்தான்.

"சாமி முன்னுக்கும் ஒனக்குப் பாலா?" என்று வள்ளியம்மை பின்னாலிருந்து கேட்டாள். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள்.