கரையாத பாலிமரும் கருவாட்டுக் குழம்பும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே சந்திரகலாவுக்குக் குடுவை கழுவும் வேலை. சும்மா கழுவுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பாலிமர் கரையுமா கரையாதா என்று முதலில் தெரிந்துகொள்வது அவள் கைதான். ஒரே அலசலில் விட்டால் நல்ல பிள்ளை. பிரஷ் போட்டுத் தேய்த்தும் விடாவிட்டால் அதற்குத் தன் மாமியார் பெயரை வைத்துவிடுவாள். அந்த வருஷம் மட்டும் ஒன்பது மணியம்மாள்கள் ஆகியிருந்தார்கள்.

கம்பெனி செய்வது குறைகடத்தி பிளாஸ்டிக். அதை மையாகக் கரைத்து மெல்லிய தாளில் பூசினால் சர்க்யூட் தயார். ஆனால் அதன் சங்கிலி ஒரே விறைப்பு, தானாக எதிலும் கரையாது. அதனால் பக்கவாட்டில் எண்ணெய்ப் பசையுள்ள வால்களை ஒட்டவைப்பார்கள். வால் நீண்டால் பாலிமர் சுகமாகக் கரையும், மின்சாரம் நொண்டும். வால் குட்டையானால் மின்சாரம் ஓடும், பாலிமர் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். இந்த வாலை நறுக்கியும் நீட்டியும் மூன்று வருஷத்தில் விஞ்ஞானி ஸ்ரீராமனுக்குப் பாதித் தலை வழுக்கையாகிவிட்டது.

ஸ்ரீராமன் திருவள்ளூர் கோயில் தெருக்காரர். வெங்காயம்கூட நுழையாத வீடு. கொஞ்ச நாளாகக் கழுவும் அறையிலிருந்து பன்னிரண்டு மணிக்கு ஒரு வாடை கிளம்பி அவரைப் பாடாய்ப் படுத்தியது. "தயோஃபீன்தான். கந்தகம் உள்ள கெமிக்கல், எங்கேயோ லீக்" என்று குழாயை மாற்றினார், புது எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டார்.

"ஆமா சார், எனக்குங்கூட தலையெல்லாம் சுத்துது" என்று சந்திரகலா ஒத்து ஊதினாள்.

அடப்பாவமே! குடுவைகளை ஊறவைக்கும் வெந்நீர்த் தொட்டியில் அவளுடைய எவர்சில்வர் டப்பாதான் கிடந்தது. உள்ளே கருவாட்டுக் குழம்பு. ஆறிப்போனதைத் தின்பதற்குப் பதில் அவள் பட்டினியே கிடப்பாள்.

கெமிக்கல் புழங்கும் இடத்தில் சோறு கூடாது. நியாயமான விதிதான், உயிர் சமாசாரம். ஏற்கெனவே ஒரு முறை இட்லியோடும் ஒரு முறை சாம்பார் சாதத்தோடும் பிடிபட்டு, இரண்டு எச்சரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். பிடிபட்டது இரண்டுமே சைவம் என்பதால் ஸ்ரீராமனுக்குக் கருவாடு தோன்றவே இல்லை. மூன்றாவது தாள் என்றால் வேலை போச்சு. புருஷன் குப்புராஜின் இரண்டு ஏக்கர் நெல் வயிற்றுக்குத்தான் காணும். மகள் ஸ்நேகா பாலிடெக்னிக் கடைசி வருஷம் முடிக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினேழாம் நம்பர் பாலிமர் வந்தது. இருப்பதிலேயே குட்டை வால். வெள்ளிக்கிழமை அதை விலைக்கு வாங்கப் பெரிய கம்பெனி ஆட்கள் பார்க்க வருகிறார்கள். ஏசி அறையில் காலையெல்லாம் கலக்கியும் கறுப்புக் கட்டியாகவே நின்றது. "தூக்கிப் போடும்மா" என்று ஸ்ரீராமன் எழுந்து போய்விட்டார்.

பத்தாவது மணியம்மாள் என்று முனகியபடி சந்திரகலா குடுவையை மூடி, ஊறட்டும் என்று டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் கங்கம்மாவோடு கேட்டருகே ஒரு மணி நேரம் ஊர்வம்பு பேசிவிட்டு வந்தால், குடுவைக்குள் தெளிந்த ஆரஞ்சு நிறம். ஒரு கட்டி இல்லை!

"சார், பதினேழு கரஞ்சிபூட்ச்சி!" என்று ஓடினாள். ஓடின பிறகுதான் அடுத்த கேள்வி என்னவென்று உறைத்தது.

"எப்படிம்மா?"

"தெர்ல சார். அதுவா கரஞ்சுகிச்சு."

"எதுவும் அதுவா கரையாதும்மா."

அவர் பேசி முடிப்பதற்குள் மை ஆறி மறுபடி கறுத்தது. இரண்டு நாள் விதவிதமாக முயன்றார். பத்து நிமிஷம் சூடு காட்டினார், கரைப்பானை மாற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் போனைக் கையில் எடுத்தார். "வர வேண்டாம்னு சொல்லிடறேன். மூணு வருஷம் வீண்." கண் சிவந்திருந்தது.

சந்திரகலா கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் உடைந்துபோவார். சனியன் பிடித்த வாய், திறந்துகொண்டது.

"சார், ஒரு மணி நேரம் வெந்நில வெச்சினு இருந்தேன். டப்பா பக்கத்துல."

"எந்த டப்பா?"

"சோத்து டப்பா சார். கையால தொட்டா சுடும், முந்தானையால புடிச்சா தூக்கலாம், அந்தச் சூடு."

ஸ்ரீராமன் தொட்டியில் தெர்மாமீட்டரை விட்டார். எண்பது டிகிரி. மெல்லத் திரும்பினார். "அப்போ அந்தத் தயோஃபீன் லீக்?"

"லீக்கு இல்ல சார். நெத்திலி."

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு மேஜை இழுப்பறையைத் திறந்தார். மூன்றாவது தாள் வெளியே வந்தது. பேனாவும் வந்தது. பிறகு பேனா அப்படியே நின்றது.

"டப்பா உள்ளே இருந்தப்போ தண்ணி குடுவைக் கழுத்து வரைக்கும் ஏறிச்சா?"

"ஏறிச்சு சார்."

"அப்போ நாளைக்கு எதையும் மாத்தக் கூடாது. டப்பா உட்பட."

"சைவமா எடுத்தாரட்டா சார்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எதையும்னு சொன்னேன். ஆனா ஒரு வாய் தின்னே, இந்தத் தாள்ல கையெழுத்து."

வெள்ளிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். பதினேழு கரைந்தது, சூட்டோடு தாளில் வழுவழுவென்று படிந்தது, மீட்டரில் எண் எகிறியது. கை குலுக்கிய கையோடு ஒருவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன சார், ஒரு மாதிரி வாடை?"

சந்திரகலா மெல்ல நகர்ந்து தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். ஸ்ரீராமன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"தயோஃபீன் சார். சின்ன லீக். இல்லம்மா?"

"ஆமா சார்" என்றாள் சந்திரகலா. "எனக்குங்கூட தலையெல்லாம் சுத்துது."