தேய்க்காத காலர்

முயலக்கா என்ற பெயரை அவளுக்கு வைத்தவன் அவளுடைய தம்பிதான். பொருத்தமான பெயர். இடி இடித்தால் கட்டிலுக்கடியில் பார்ப்பாள், அங்கே யாரோ வந்து ஒளிந்துகொண்டதைப் போல. லிப்டில் ஏற மாட்டாள். பஸ்ஸில் மிச்சச் சில்லறையைக் கேட்கப் பயந்து இறங்கிவிடுவாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு வெளிச்சத்திலும் தெரிந்தது.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு தம்பிக்குத் தாயும் அவளே, தகப்பனும் அவளே. படுக்கப் போகும்முன் தாழ்ப்பாளைப் போடுவாள், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள், படுத்தபின் எழுந்துபோய் இன்னொரு தரம் தொடுவாள்.

"முயலு, நம்ம வீட்டுக்குத் திருடன் வந்தா பாவப்பட்டு அவனே ஏதாச்சும் வெச்சுட்டுப் போவான். பேசாம படு" என்பான் தம்பி.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக் கூடத்தில். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஒரு பக்கம் துவைக்கும் இயந்திரங்கள், நடுவில் பிழியும் இயந்திரம், ஜன்னல் ஓரமாக நீராவி இஸ்திரி மேசைகள். அவளுடையது கடைசி மேசை. இஸ்திரிப் பெட்டி யாரையும் அதட்டாது, சுடும் என்றால் சுடும் என்று முன்பே தெரியும். அதனால் அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. தம்பி வளர்ந்ததும் அவனையும் அங்கேயே சேர்த்துவிட்டாள், கண்பார்வையில் இருக்கட்டும் என்று. பிழியும் இயந்திரம் அவன் பொறுப்பு.

அந்த இயந்திரத்தின் மூடிக்கு ஒரு பூட்டு உண்டு. உள்ளே உருளை சுற்றுவது முழுவதும் நின்றால்தான் மூடி திறக்கும். உருளை அவ்வளவு சீக்கிரம் நிற்காது. சூப்பர்வைசருக்கு அந்தக் காத்திருப்பு பொறுக்கவில்லை. ஓட்டல்காரர்கள் போனில் கத்திக்கொண்டிருந்த ஒருநாள் அவர் ஒரு சட்டை மாட்டும் கம்பியை எடுத்து நிமிர்த்தி, பூட்டின் நாக்கை இழுத்துக் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு மூடி எப்போது வேண்டுமானாலும் திறந்தது. எல்லோருடைய கண்முன்னாலும்தான் கட்டினார்.

"சார், இது டேஞ்சர் சார்" என்றான் தம்பி.

"உன் ஆமை வேகத்தைவிடவா? வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

சில மாதங்கள் கழித்து ஒரு விரிப்பின் நுனி மூடிக்கு வெளியே தொங்கியது. உருளை நின்றுவிட்டது என்று நினைத்து அவன் கையை விட்டான். நிற்கவில்லை. கடைசி மேசையில் இருந்த அக்காவுக்கு ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்தது.

சவ அடக்கத்தில் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர் சூப்பர்வைசர். பெட்டிக்குத் தோள் கொடுத்தார். "என் பிள்ளை மாதிரி இருந்தானே" என்று கல்லறை மண்ணை அள்ளிப் போட்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. அந்த மண் பெட்டியில் விழுந்த சத்தத்தோடு அவளுக்குள் ஏதோ ஒன்று தீப்பிடித்தது. ஆனால் வாய் திறக்கவில்லை.

தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தபோதும் திறக்கவில்லை. அறையின் மூலையில் சூப்பர்வைசர் கைகட்டி நின்றார். பூட்டை யார் கட்டியது என்று ஆய்வாளர் கேட்டார். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத, அதனால் எல்லோரும் ரேடியோ என்று கூப்பிடுகிற விரிப்பு மடிக்கும் பெண்கூட அன்றைக்கு ஒலிபரப்பை நிறுத்திவிட்டாள். முயலக்காவின் முறை வந்தது. சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான்.

"எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

வேகமாக வேலையை முடிப்பதற்காகத் தம்பியே பூட்டைக் கட்டிக்கொண்டான், அவனுடைய கவனக்குறைவே அவன் சாவுக்குக் காரணம் என்று அறிக்கை தயாரானது. மேலிடம் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. செத்தவன்மேல் பழியைப் போட்டால் அவன் எழுந்துவந்தா மறுக்கப் போகிறான்?

அதன்பிறகு அவள் வாழ்ந்தது பழிவாங்குவதற்காக மட்டும்தான்.

சூப்பர்வைசருடைய சட்டைகள் கூடத்திலேயே இலவசமாகச் சலவையாகும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையை மட்டும் முயலக்காதான் தேய்க்க வேண்டும் என்பார். அவள் தேய்த்தால் மடிப்பு கத்திபோல நிற்குமாம். அவர்கள் இருவரும் ஒரே சபை. அவர் முன்வரிசை. வேதபாடம் வாசிப்பவர். அவள் தூணுக்குப் பின்னால்.

சனிக்கிழமைதோறும் அந்தச் சட்டையை மேசையில் விரித்து அவள் ஜெபம் பண்ணுவாள். காலரில் ஆரம்பிப்பாள். "ஆண்டவரே, இந்தக் கழுத்து ஒடியட்டும்." கைப்பட்டிக்கு வருவாள். "கம்பி கட்டின இந்தக் கை விளங்காமப் போகட்டும்." நெஞ்சுப் பக்கம், முதுகுப் பக்கம், ஒன்றையும் விட மாட்டாள். பொத்தான்களைச் சுற்றிக் கவனமாகத் தேய்ப்பாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு நோய் உண்டு. வீட்டில் வேதாகமத்தைத் திறந்தால் சத்துருக்கள் அழிகிற வசனங்களை மட்டும் தேடிப்பிடித்துப் பென்சிலால் கோடு போடுவாள். ஒருநாள் ரேடியோ அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏங்கா, இதுல அன்புன்னு ஒரு வார்த்தைக்காவது கோடு போட்டிருக்கீங்களா?"

"அது தானா நிக்கும். இதுக்குத்தான் கோடு வேணும்."

ஜெபம் கேட்கப்பட்டது, வேறு மாதிரியாக. சூப்பர்வைசருக்குச் சம்பளம் உயர்ந்தது, மேனேஜர் ஆகப் போகிறார் என்ற பேச்சு வந்தது. ஒடியட்டும் என்று தேய்த்த காலரில் ஒரு புது டை வந்து உட்கார்ந்தது. "உன் கைராசிம்மா. உன் சட்டையைப் போட்டா எல்லாம் நல்லதாவே நடக்குது" என்று அவரே வந்து சொன்னார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் கதவைக்கூடச் சாத்தாமல் ஆண்டவரிடம் சண்டைக்கு நின்றாள். "நான் கேட்டது என்ன, நீங்க குடுக்கிறது என்ன? விலாசம் மாறிப்போச்சா உங்களுக்கு? முன்வரிசையில உக்காந்தாத்தான் காது கேக்குமா?"

பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்தது.

அன்றைய பாடம், அண்ணன் ஒருவன் தம்பியை வயலில் வைத்துக் கொன்ற பழைய பகுதி. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் சூப்பர்வைசர் எழுந்துபோய் நின்று வாசித்தார். கணீரென்ற குரல். அந்தக் குரல் இப்போதாவது நடுங்கும் என்று அவள் தூணுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். நடுங்கவில்லை. தம்பி எங்கே என்று கடவுள் அந்த அண்ணனைக் கேட்கும் இடம் வந்தது. கடையில் அரிசி விலை கேட்பதுபோல அதையும் வாசித்தார். தனக்குத் தெரியாது என்று அண்ணன் பதில் சொல்லும் இடம் வந்தது.

நடுங்கியது அவள்தான்.

தெரியாது. அதே பதில். ஆய்வாளர் முன்னால் அவள் சொன்னதும் அதுதானே! பிறந்தது முதல் அவள் பயந்த பயமெல்லாம் ஒரு தட்டில், இப்போது வந்த பயம் ஒரு தட்டில். இத்தனை நாள் அவள் யாருக்குப் பயந்தாள்? தொண்டையைச் செருமுகிற ஒருவருக்கு. கேள்வி கேட்டவரோ வேறு. அவர் முன்வரிசையைப் பார்த்து மட்டும் கேட்கவில்லை. தூணுக்குப் பின்னாலும் கேட்டார். உன் தம்பி எங்கே?

வாசிப்பு முடியவில்லை. சிந்திய இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுவதைத் தாம் கேட்டதாகக் கடவுள் சொல்கிறார். அப்படியென்றால் சட்டைக்குள் முணுமுணுத்தது அவள்தான், ஆனால் சத்தம் போட்டுக் கூப்பிட்டது தம்பி. அது முதலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் காத்திருந்தது சாபத்துக்கு இல்லை, அவளுடைய வாய்க்கு. இது புரிந்தபோது அவளுக்குள் எரிந்த தீ அணையவில்லை. புகை மட்டும் போய்விட்டது.

மறுநாள் திங்கட்கிழமை. ஆய்வாளர் அறிக்கையை முடிக்க வந்திருந்தார். இயந்திரத்தைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, "வேற யாராச்சும் ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கடமைக்குக் கேட்டார். கேட்டுக்கொண்டே பேனாவையும் மூடினார்.

முயலக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கடைசி மேசையிலிருந்து நடந்து வந்தாள். பயம் எங்கும் போய்விடவில்லை, கூடவேதான் வந்தது. ஆனால் இப்போது அது அவள் பின்னால் வந்தது.

"நான் சொல்லணும் சார். பூட்டைக் கட்டினது என் தம்பி இல்ல. இவரு. சட்டை மாட்டுற கம்பியால கட்டினாரு. நான் பார்த்தேன்."

சூப்பர்வைசர் செருமினார். வழக்கமான அதே செருமல். அது அவள்மேல் பட்டு, ஒட்டாமல் கீழே விழுந்தது.

"சார், பாவம், கூடப்பிறந்தவன் போன துக்கத்துல பேசுறாங்க" என்றார்.

"ஆமா, துக்கத்துலதான் பேசுறேன். அன்னிக்குப் பேசாம இருந்தது பயத்துல."

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "ஏம்மா, அன்னிக்குத் தெரியாதுன்னீங்க. இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்ல சார், இருக்கு. ஆனா இவருகிட்ட இல்ல."

பிறகு மடிக்கும் மேசைப் பக்கமிருந்து ஒரு கனைப்பு.

"சார், நானும் பார்த்தேன். செவ்வாக்கிழமை, மழை பெஞ்சுட்டு இருந்துச்சு, ஓட்டல்காரன் போன்ல கத்திட்டு இருந்தான், இவரு என் பக்கத்துல இருந்த கம்பியத்தான் எடுத்தாரு. எடுக்கும்போது என் காலை வேற மிதிச்சாரு, ஒரு சாரி சொல்லல..."

ரேடியோ பாடத் தொடங்கிவிட்டது. அதன்பின் துவைக்கும் பக்கமிருந்து ஒருவர், மூட்டை இறக்குகிறவர்கள் இருவர். ஆய்வாளர் காகிதத்தைத் திருப்பித் திருப்பி எழுதினார். சூப்பர்வைசரின் முகம் துவைக்காத விரிப்பின் நிறத்துக்குப் போனது. முயலக்கா அதை நன்றாகப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், கடைசிவரை பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று அவள் எந்தக் காலத்திலும் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

அறிக்கை மாறியது. தம்பியின் பேரில் இருந்த பழி எடுபட்டது. சூப்பர்வைசருக்கு வேலை போனது, வழக்கும் வந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். யார் என்று கேட்காமலே திறந்தாள்.

"அக்கா, மன்னிச்சுடுங்க" என்றார். அக்கா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

"எதுக்கு?"

"நடந்ததுக்கு."

"என்ன நடந்துச்சு?"

அவர் தரையைப் பார்த்தார். "அது... ஒரு ஆக்சிடென்ட். ஆண்டவரே மன்னிக்கச் சொல்லியிருக்காரு இல்லக்கா? நீங்க கோர்ட்டுல வந்து..."

"அவரு சொன்னது எனக்குத் தெரியும். அதை நான் அவருகிட்ட பேசிக்கிறேன். நீங்க ஞாயித்துக்கிழமை வாங்க. பாடம் வாசிக்கிற அதே இடத்துல நில்லுங்க. கட்டினது நான்தான், பழியை அவன்மேல போட்டதும் நான்தான்னு சொல்லுங்க. நல்லா வாசிக்கிற வாய்தானே? அப்புறம் மன்னிப்புக் கேளுங்க."

"அத்தனை பேர் முன்னாடியா?"

"அத்தனை பேர் முன்னாடிதானே அழுதீங்க?"

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. தண்டனை அனுபவித்து வெளியே வந்தபின் வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முயலக்கா தூணை விட்டு எழுந்துவந்து முன்வரிசையில் அவருடைய இடத்திலேயே உட்காரத் தொடங்கினாள். யாராவது வாசலில் நுழையும் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பாள். பயந்து பார்ப்பது இல்லை. வேட்டைக்காரர்கள் பார்ப்பதுபோல.

வீட்டில் தாழ்ப்பாளை ஒருமுறைதான் போட்டாள், சில நாள் அதையும் மறந்தாள். லிப்டில் ஏறினாள். பஸ்ஸில் சில்லறையைக் கேட்டு வாங்கியதுடன் பக்கத்து சீட்டுக்காரியின் சில்லறைக்காகவும் சண்டை போட்டாள். கூடத்தில் புது ஆள் யாராவது உருளை நிற்கும்முன் மூடியைத் தொட்டால், கடைசி மேசையிலிருந்து வரும் குரலில் அவன் கை தானாக விலகிவிடும். ஆனாலும் பெயர் மட்டும் முயலக்காதான். முதலாளி அவளைப் பார்த்து வழிவிட்ட நாட்களிலும் அதே பெயர்தான். தம்பி வைத்த பெயரை மாற்ற அவள் விடவில்லை.

கடைசியில் படுக்கையில் விழுந்தபோது போதகர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றிவளைத்து அங்கேதான் வந்தார்.

"அந்த மனுஷனை மன்னிச்சுட்டீங்களாம்மா?"

"அவன் இன்னும் கேக்கவே இல்லையே ஐயா" என்றாள். பிறகு, "என் பக்கத்து வேலையை நான் முடிச்சு வெச்சிருக்கேன். முக்கால்வாசி" என்றாள். போதகருக்குப் புரியவில்லை.

அவளை அடக்கம் பண்ணிவிட்டு வந்து ரேடியோதான் வீட்டைக் காலிசெய்தாள். அலமாரியின் அடித்தட்டில் கூடத்துக் காகிதத்தில் சுற்றிய ஒரு வெள்ளைச் சட்டை இருந்தது. அந்தத் திங்கட்கிழமை துவைப்பதற்குப் போட்டுவிட்டு, திரும்ப வாங்காமல் போனவருடைய சட்டை. ரேடியோ அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். கைப்பட்டி, தோள், நெஞ்சு, முதுகு, எல்லாம் கத்தி மடிப்பில் தேய்க்கப்பட்டிருந்தன. காலர் மட்டும் துவைத்துப் பிழிந்தபடியே சுருங்கிக் கிடந்தது.

வாழ்நாளில் இரண்டாவது தடவையாக ரேடியோவுக்குப் பேச்சு வரவில்லை. சட்டையை இருந்த மாதிரியே மடித்துக் காகிதத்தில் சுற்றினாள்.