மறுபடி தைத்த பை

என் பெருங்குடலை முழுவதுமாக எடுத்தபோது எனக்குத் திருமணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மருந்துக்குக் கட்டுப்படாத குடற்புண். சிறுகுடலின் நுனியை மடித்து உள்ளேயே ஒரு பை தைத்துவிட்டார்கள். மற்றவர்களைப் போலவே மலசலகூடம் போகலாம் என்றார்கள். சில வருடங்கள் நன்றாகத்தான் போயின. பிறகு தையல் ஓரத்தில் கசிவு, சீழ், காய்ச்சல். கொழும்பில், காலி வீதி நெடுக எந்தக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் கழிப்பறையைத் திறந்துவிடுவார் என்பது எனக்கு அத்துப்படியாயிற்று. வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் ஒளிக்காமல் சொன்னார். பழுதான பையைக் கழற்றிப் புதிதாகத் தைக்கலாம், ஆனால் சரிவருமென்று உறுதி தர முடியாது. இல்லாவிட்டால் வயிற்றில் துளை வைத்து, வெளியே ஒட்டும் பையோடு வாழ்நாள் முழுக்க இருக்கலாம்.

"உம்மட உடம்பு, நீர் சொல்லும். நான் ரெண்டுக்கும் ஓம்," என்றார் என் கணவர்.

வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் கொம்பனித்தெருவைச் சேர்ந்த முஸ்லிம் பெண் ஒருவர், என்னைவிட நன்றாக மூத்தவர். அதே நோய், அதே பழுது, அதே கேள்வி. அவர்கள் வழக்கில் அக்காவைத் 'தாத்தா' என்பார்கள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், வயிறு வலிக்கும்.

"எனக்கு இனி வெட்டுப்பட ஏலா தங்கச்சி. வெளிப்பையே போதும். மகள்ட கலியாணத்துல குந்தி நிம்மதியா சோறு தின்னோணும்."

"அதுக்கு எனக்குத் தைரியமில்ல தாத்தா. திரும்பத் தைச்சுப் பாப்பம்."

"அதுக்கு மட்டும் தைரியம் வேணாமா புள்ளே?"

அந்த வார்ட்டை நினைத்து இன்று ஏங்குவது வேடிக்கைதான். அவருடைய மகள் செய்து கொண்டுவரும் இனிப்பு வட்டிலப்பத்தை இருவருமே சாப்பிட முடியாது. மூடியைத் திறந்து மணந்துவிட்டு, தாதிமாரிடம் கொடுத்துவிடுவோம்.

புதிய பை ஆறும்வரை சில மாதங்கள் எனக்கும் வெளிப்பைதான். அதைக் கசியாமல் ஒட்டக் காட்டித்தர அவரே ஓட்டோவில் வருவார். பிறகு என் துளையை மூடினார்கள். நான் துணிந்து போன முதல் விசேஷம் அவர் மகளின் கல்யாணம்.

ஒரே தட்டைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து சாப்பிடும் சவன் சாப்பாடு. பாதியில் எழுந்து ஓட வேண்டியதாயிற்று. கூச்சத்தோடு திரும்பினால், தட்டில் என் பக்கத்துச் சோறு மலைபோல் அப்படியே நின்றது.

"உங்கட பக்கத்த ஒருத்தரும் தொடல்ல. குந்துங்கொ," என்றார் தாத்தா. அப்போது அவருடைய பை சேலைக்குள் பெரிதாகச் சத்தமிட்டது. "வயித்துக்கும் சந்தோஷம்," என்று தட்டிக்கொடுத்தார். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தோம்.

தாத்தாவின் கொம்பனித்தெரு வீடு நகர அபிவிருத்தியில் இடிபட்டுவிட்டது. அவர் இப்போது வேறோரிடத்தில், தொடர்மாடியின் உயர்ந்த தளமொன்றில் இருக்கிறார். முழங்கால் வலியால் இறங்குவது அரிது. என் பை இத்தனை வருடங்களாகத் தாக்குப்பிடிக்கிறது. இடையிடையே அழற்சி வரும், மாத்திரை எடுப்பேன். ஒரே தூக்கமாகத் தூங்கியது நினைவில்லை. ஆனாலும் இரத்மலானை பஸ்ஸில் ஏறுகிறேன்.

அண்மையில் கிளினிக்கில் இளம் டொக்டர் ஒருவர், "அப்ப இருந்த நிலைமை திரும்ப வந்தா, இதே முடிவைத்தான் எடுப்பீங்களா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அன்று மாலை தாத்தாவுக்கு ஃபோனில் சொன்னேன்.

"என்னட்டயும் கேட்டாங்க. நானும் ஓம் எண்டுதான் சென்னேன்," என்றார்.

பிறகு, எந்தக் கறி வாயு, எது வாயுவில்லை என்று வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம்.