நூற்றுப் பத்து என்று காட்டிய குமிழ்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு, புதிதாகப் பிரித்த பாக்கெட்டிலிருந்து எடுத்த வெல்டிங் ராடும் இரும்பில் ஒட்டிக்கொண்டது.

அதுவரை ஈரத்தைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியில் எது கெட்டாலும் பழி காயல் காற்றின் மேல்தான். அப்பளம் நமுத்தாலும் அதுதான், கதவு இறுகினாலும் அதுதான். பத்து நாளாக ராடு சரியாகப் பற்றாமல் ஒட்டியபோது நானும் அதையே சொன்னேன். வீட்டுத் தோசைக்கல்லில் ராடுகளைச் சூடாக்கி எடுத்துப் போனேன். "இன்னிக்கு டிபன் தோசையா, ராடா?" என்று மனைவி கேட்டாள்.

ஆனால் இது இப்போதுதான் பிரித்த பாக்கெட். இதற்குள் ஈரம் எப்படிப் போகும்?

என்னுடையது தோளில் மாட்டித் தூக்கும் சின்ன மெஷின். கரண்ட் எவ்வளவு என்பதைக் குமிழைச் சுற்றி அச்சடித்த எண்களைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருப்பினேன். இருபதில் நிற்க வேண்டிய கோடு ஐம்பதில் நின்றது. பத்து நாளுக்கு முன் ஆட்டோவிலிருந்து மெஷினை இறக்கும்போது குமிழ் கழன்று விழுந்ததும், அதை நானே அழுத்திச் செருகியதும் நினைவுக்கு வந்தன. இடம் மாறிச் செருகியிருக்கிறேன். நூற்றுப் பத்து ஆம்பியர் என்று வைத்ததெல்லாம் எண்பதுதான். கனமான தகட்டுக்கு அது போதாது. உருகிய ராடு இரும்புக்குள் இறங்காமல் மேலே மெழுகு போல உட்கார்ந்துகொள்ளும். பார்க்க ஒரு குறையும் தெரியாது.

பட்டறை மூலையில் கிடந்த, இந்தப் பத்து நாளில் பற்றவைத்த ஒரு மீதித் துண்டைச் சுத்தியலால் தட்டினேன். ஒரே தட்டு. வெல்டிங் பற்று முழுசாகக் கழன்று வந்தது. அடியில் தகட்டின் விளிம்பு துளியும் உருகாமல், அறுத்தபடியே கூர்மையாக இருந்தது.

அந்தத் துண்டு மிஞ்சிய வேலை, என் மகள் ட்யூஷன் படிக்கும் மாடியில் நான் வைத்த கைப்பிடிக் கம்பி.

பழைய மசாலா கிடங்கு அது. மேல் மாடியில் ஒரு டீச்சர் வகுப்பு நடத்துகிறார். மாடி வாசலில் இருந்த மரக் கைப்பிடி உளுத்துப் போனதால் பிள்ளைகள் பயந்தார்கள் என்றுதான் எனக்கு அந்த வேலை வந்தது. செருப்புகளை அந்த வாசலில் கழற்றிப் போட வேண்டும். வகுப்பு விட்டதும் நாற்பது பிள்ளைகளும் கம்பியில் சாய்ந்து நின்றுதான் செருப்பு மாட்டுவார்கள். வகுப்பு மூன்றரைக்கு விடும்.

டீச்சருக்கு ஃபோன் அடித்தேன். வகுப்பில் அவர் எடுப்பதில்லை. ஓடினேன். பஜார் ரோட்டில் அரிசி லாரிகள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தன. மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்துப் போனது நினைவிருக்கிறது. படியேறியது நினைவில்லை.

வகுப்பு இன்னும் விடவில்லை. செருப்புகளையெல்லாம் காலால் சுவர்ப்பக்கம் தள்ளிவிட்டு, கம்பிக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தது.

"சுவர் பக்கம் போங்க! கம்பியை யாரும் தொடக் கூடாது! உட்கார்ந்து போடுங்க!"

செருப்புகள் கலந்துவிட்டதால் சண்டை. "அங்கிளே, என்றெ மத்த செருப்பு எவிடெ?" என்று மலையாளத்தில் கேட்டான் ஒரு பொடியன். மகளின் தோழி அவளை இடித்தாள்: "எடீ, நின்றெ அப்பா கம்பிக்குக் காவலா? யாராச்சும் திருடிட்டுப் போயிருவாங்களோ?" எல்லோரும் சிரித்தார்கள். மகளின் முகம் சிவந்தது.

"அப்பா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க" என்று பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

போகட்டும் என்றிருந்தது. ஒவ்வொரு தலையாக எண்ணினேன். கடைசிப் பிள்ளையும் இறங்கி, கீழ் முற்றம் காலியான பிறகு, கம்பியைத் தாங்கும் நடுத் தூணில் காலை வைத்து அழுத்தினேன். 'டக்' என்றது. இரண்டாவது முறை அழுத்தியதும் தூண், தரையில் பதித்த தகட்டை விட்டு எழும்பி வெளிப்பக்கம் சாய்ந்தது. கீழே, ஓர் ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு ஆழத்தில், கருங்கல் பாவிய முற்றம்.

உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் வெளியே வந்து பார்த்தார். உள்ளே போய் இரண்டு பெஞ்சுகளை இழுத்து வந்து குறுக்கே போட்டார். இன்றுவரை குமிழை இடக்கோடிக்குத் திருப்பிப் பார்க்காமல், ஒரு துண்டையாவது அடித்து உடைத்துப் பார்க்காமல் நான் வேலை தொடங்குவதில்லை. அப்படியும் அந்த 'டக்' சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

அன்று, கொஞ்ச நேரம் கழித்துப் படியில் காலடி கேட்டது. மகள். என்னைக் கூப்பிட வந்தவள், சாய்ந்து தொங்கிய தூணைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சின்னப் பசங்க முதல்ல இதுல சாயவே பயந்தாங்கப்பா" என்றாள். "எங்கப்பா வச்சது, தைரியமா சாயுங்கன்னு நான்தான் சொன்னேன்."